காலாவதிச் சோதனையை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சத்துவாச்சாரி அக்கா:
வேலூர் லாங்கு பஜார், மொத்தக் கடை, தீபாவளிக் கூட்டம். உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒரு பால் பவுடர் பாக்கெட்டை எடுத்தார். கைக்குட்டையில் எதையோ தொட்டுத் தேதி மேல் லேசாகத் தேய்த்தார். மை அப்படியே வந்துவிட்டது. அடியில் பழைய தேதி மங்கலாக, ஆனால் படிக்கும்படி இருந்தது. ஏப்ரல்! கடைப் பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. முதலாளி அசரவில்லை. "கம்பெனியிலிருந்தே அப்படித்தான் சார் வந்தது." அதே பாக்கெட் ஒன்று பில் போட்டு என் பையில். மறுநாளே கடை திறந்தாயிற்று. அதே கல்லா, அதே "வாங்கக்கா". அந்த வழியாகப் போனால் இன்னும் வயிறு எரிகிறது.

காட்பாடி ரயிலடி:
தீபாவளிக்கு மட்டும் வருவார்கள். முதல் கடையில் ஜீப் நின்றதுமே தெரு முழுக்கப் போன் பறக்கும். எங்கள் பக்கம் ஒரு கடையில் ஆள் இருப்பதைக்கூடப் பார்க்காமல் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். உள்ளே மாட்டிய பெரியவர், "யோவ், நான் ரவை வாங்க வந்தவன்யா" என்று தட்டுகிறார்.

குடியாத்தம் ரிடயர்டு:
காட்பாடி தம்பி, எல்லாரையும் ஒரேயடியாகச் சொல்லக்கூடாது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சோதனைக்கு எடுத்த மாதிரியை 4 பங்காக்கி முத்திரை வைத்து, ஒரு பங்கைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் அறிக்கை தர 14 நாள். எடுத்த கையோடு கடைக்குப் பூட்டுப் போட முடியுமா? அக்காவுக்கு ஒன்று: பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பாக்கெட்டில் இருக்கும் 14 இலக்க உரிம எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். 40ஆம் பிரிவில், வாங்கியவரே கட்டணம் கட்டிப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். நுகர்வோர் உதவிக்கு 1915. 'பெஸ்ட் பிஃபோர்' தரம் பற்றியது, 'யூஸ் பை' தாண்டினால் விற்கவே கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்புறம், பாக்கெட்டைப் பிரித்து டப்பாவில் கொட்டிவிடாதீர்கள்.

சத்துவாச்சாரி அக்கா:
ஐயா, பாக்கெட்டை அன்றைக்கே அதிகாரி கையில் கொடுத்தாயிற்று. நான் கேட்டது அனுபவம்.

ஆற்காடு மளிகை:
கடைக்காரன் பக்கமும் கேளுங்கள். தேதி முடிந்த சரக்கை ரிட்டர்ன் எடுக்க ஏஜென்சி மாசக்கணக்கில் இழுத்தடிக்கும். அதுவரை அட்டைப்பெட்டியில் போட்டு ஓரமாக வைத்திருந்தேன். சோதனைக்கு வந்தவர், "விற்பனைக்கு அல்ல என்று எழுதி ஒட்ட வேண்டாமா?" என்று கேட்டார். பெட்டியில் இருந்த பிஸ்கட் எல்லாவற்றையும் வாசலில் கொட்டி என் கண் முன்னாலேயே பினாயில் ஊற்றினார். கடையில் அந்த நெடி போகவே நாளாச்சு. ஏஜென்சிக்குப் போன் போட்டால், பினாயில் பட்ட சரக்குக்கு ரிட்டர்ன் கிடையாதாம்!