பீடிக்கடையில் கட்டு பார்க்கிற வேலை: இது இரக்கமா, களவா?

முக்கூடல்காரன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். முக்கூடல் பக்கம் ஒரு பீடிக்கடையில் கட்டு பார்த்து வாங்குகிற வேலை எனக்கு. (பீடிக்கடைக்காரனுக்கு என்னய்யா விசுவாசம் என்று ஆரம்பிக்காதீர்கள், அதை எங்கள் சபைப் போதகர் ஐயரே கேட்டுவிட்டார்.) 1,000 பீடிக்கு 40 கட்டு. கடையில் கொடுக்கிற இலையில் பாதி ஓட்டை, வீட்டில் பீடி சுற்றுகிற பெண்கள் சொந்தக் காசில் வெளியே இலை வாங்கிச் சேர்த்துத்தான் சுற்றுகிறார்கள், அப்படியும் நுனி சரியில்லை, தூள் குறைவு என்று கழிக்கச் சொல்லி மேலேயிருந்து நெருக்கடி. நேற்று ஒரு பாட்டியம்மா கொண்டுவந்ததில் 3 கட்டு கழிக்க வேண்டியது. மனசு கேட்காமல் நல்ல கட்டோடு சேர்த்துவிட்டேன். வேதத்தில், கதிர் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத்துக்காகக் கதிரைச் சிந்தவிடச் சொன்ன வயல்காரர் போவாஸ்தான் ஞாபகத்துக்கு வந்தார். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை.

பாளை அண்ணாச்சி:
தம்பி, போவாஸுக்கு வயல் சொந்தம், தன் கதிரைச் சிந்தவிட்டார். நீங்கள் சிந்தியது அடுத்தவன் கதிர். அந்த வசனத்தை முழுசாகப் படியுங்கள், ரூத் 2:16. சிந்தவிடுங்கள் என்றதோடு அவளை அதட்டாதிருங்கள் என்றும் இருக்கிறது. அதட்டாமல் இருக்க முதலாளியிடம் உத்தரவு கேட்க வேண்டியதில்லை.

தென்காசி ரோடு:
அண்ணாச்சி, ஓட்டை இலையை நிறுத்துக் கொடுத்தது யார்? லேவியராகமம் 19:36 சொல்கிற சுமுத்திரையான, அதாவது நியாயமான தராசு முதலாளிக்குக் கிடையாதா? 1966 பீடித் தொழிலாளர் சட்டத்திலேயே வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களும் தொழிலாளிதான் என்று இருந்தது. தம்பி, ஒளித்துச் சேர்க்காமல் இலை சரியில்லை என்று மேலே சொல்லிப் பாருங்கள். வேலை போகும் என்று பயமாக இருந்தால், சரி, அதுவும் நியாயம்தான்.

பீடிக்காரி மகள்:
எங்கம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்கவைத்தாள். கழிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள், எல்லார் முன்னாலும் கட்டைப் பிய்த்துத் தட்டில் போட்டு "கண்ணு எங்க இருந்துச்சு" என்று கேட்பார்களே, அன்றைக்கு ராத்திரி சாப்பிடமாட்டாள். கழித்த பீடிக்குக் கூலியும் கிடையாது, பீடியும் திரும்பி வராது. ஒரே ஒரு மாமா மட்டும், "நாளைக்கு நுனியை இப்படி மடக்கும்மா" என்று பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுவார். அவர் எந்தச் சபை, சபைக்குப் போவாரா, எங்களுக்குத் தெரியாது. அப்புறம், பீடித் தொழிலாளர் அட்டை இருந்தால் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை உண்டு. அதற்குக் கடையில் ஒரு கையெழுத்து வாங்க அம்மா 3 வாரம் நடந்தாள். உங்கள் கடையில் யாரையாவது அப்படி நடக்கவிடுகிறீர்களா என்று முதலில் பாருங்கள் அண்ணா.

முக்கூடல்காரன்:
நடக்கவிடுகிறோம்தான். 2 பேர் விண்ணப்பம் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது, இன்றைக்கு எடுத்துவிட்டேன். அந்தப் பாட்டியம்மாவுக்கு இன்றைக்கும் 2 கட்டு கழிந்தது, கழித்தேன். உட்காரவைத்து மடக்கிக் காட்டினால், "நூலே தெரியலைய்யா, நுனி எங்க தெரியப்போகுது" என்று சிரிக்கிறார்கள். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். டவுன் பஸ்ஸில் அவர்களுக்கு டிக்கெட் கிடையாது, எனக்கு மட்டும்தான்.