தாத்தாவின் 75: வீடா, குஸ்காத்லானா?

அம்மா: ஜூலையில் அப்பாவுக்கு 75. வீட்டிலேயே வைத்துக்கொள்வோமா, ஹால் பிடிக்கலாமா? கேக் யார் சொல்வது?

தம்பி: தாத்தாவிடம் கேட்டுவிட்டேன் பெரியம்மா. குஸ்காத்லான் அரங்கத்தில் அலியான்ஸா அணியின் கால்பந்து ஆட்டம் பார்க்க வேண்டுமாம். வேறெதுவும் வேண்டாமாம்.

சித்தி: வேண்டாம்.

பெரிய மாமா: பொறு, முழுதாகக் கேள். அந்த அரங்கம் திறந்தது 1976 ஜூலை 24. ஜெர்மனியிலிருந்து பொருசியா மோன்ஷென்கிளாட்பாக் வந்து ஆடியது. அப்பாவுக்கு அப்போது 25 வயது. நிழல் பக்கத்து டிக்கெட்டுக்குக் காசு போதாமல், வெயில் பக்கத்தில் தலையில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆக, இந்த ஜூலையில் அவருக்கு 75, அரங்கத்துக்கு 50. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் இடம். எல் சால்வடோரில் மட்டுமல்ல, மத்திய அமெரிக்காவிலேயே பெரியது. மெஸ்ஸியே வந்து ஆடிவிட்டுப் போனார்.

அக்கா: 2024 ஜனவரி 19. கோலே விழவில்லை 😭 நானும் போயிருந்தேன்.

சித்தப்பா: எங்கள் ஊர் அணி ஃபாஸில் ஆடிய மாஹிகோ கொன்சாலெஸ் பெயரிலும் சான் சால்வடோரில் ஓர் அரங்கம் இருக்கிறது மச்சான். அங்கே கூட்டிப் போங்கள்.

பெரிய மாமா: மாப்பிள்ளை, தாலி கட்டும்… மன்னிக்கவும், மோதிரம் மாற்றும்போதே கோட்டுக்குள் ஃபாஸ் பனியன் போட்டிருந்தவர் நீங்கள். அப்பா அதை இன்னும் மறக்கவில்லை.

சித்தப்பா: சாந்தா ஆனாவில் பிறந்தவன் வேறு எதைப் போடுவது?

அம்மா: புபூசா ரொட்டி ஆளுக்கு மூன்று போதுமா?

அக்கா: நான்கு. தொட்டுக்கொள்ள குர்திதோ, அந்த முட்டைக்கோஸ் ஊறுகாய், நான் போடுகிறேன்.

அம்மா: வினிகரைக் குறை. போன தடவை வாயில் வைக்க முடியவில்லை.

சித்தி: புபூசா இருக்கட்டும். 2023 மே 20 யாருக்கும் ஞாபகம் இல்லையா? இதே அரங்கத்தில் அலியான்ஸா, ஃபாஸ் ஆட்டம். நெரிசலில் 12 பேர் உயிர் போனது. விடியற்காலை இரண்டு மணிக்கு என் பையன் வாசலில் வந்து நின்றபோது ஒரு காலில்தான் ஷூ. அந்த ஒற்றை ஷூவை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை.

சித்தப்பா: அன்று இவனுக்கு நாற்பது தடவை போன் அடித்திருப்பேன்.

அக்கா: 🙏

தம்பி: அதற்கப்புறம் நான் போகவே இல்லை அம்மா. தாத்தாவோடு என்றால் போவேன்.

பெரிய மாமா: தங்கச்சி, நானும் மறக்கவில்லை. சோல் ஜெனரல், அந்த வெயில் பக்கமே வேண்டாம். நிழல் பக்கத்தில் எடுக்கிறேன், பணம் என்னுடையது. இரண்டு மணி நேரம் முன்னால் உள்ளே போய்விடுவோம். ஆட்டம் முடிந்தாலும் கூட்டம் கலையும் வரை எழுந்திருக்க வேண்டாம். அப்பாவுக்கு முட்டி வலி, அவர் பக்கத்தில் நான்.

அம்மா: அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நிழல் வேண்டாமாம், அன்றைக்கு உட்கார்ந்த பக்கம்தான் வேண்டுமாம். வெள்ளைச் சட்டையை இப்போதே தோய்க்கப் போடச் சொல்கிறார்.

பெரிய மாமா: வெயிலா? இந்த வயதிலா?

சித்தி: ஃபாஸோடு ஆட்டம் என்றால் யாரையும் விட மாட்டேன். வேறு அணி என்றால்… பார்க்கலாம்.

அக்கா: அட்டவணை இன்னும் வரவில்லை சித்தி.

சித்தி: வரட்டும்.

அம்மா: சரி, கேக்?