'டூல் கால்': கருவி அழைப்பா, கருவி ஏவலா?

அனைவருக்கும் வணக்கம். செயற்கை நுண்ணறிவு உதவியாளர் வலைத்தேடல், நாட்காட்டி போன்ற ஒரு கருவியைப் பயன்படுத்தக் கேட்பதை ஆங்கிலத்தில் 'டூல் கால்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'ஃபங்ஷன் கால்' ஏற்கெனவே 'செயற்கூறு அழைப்பு' ஆகிவிட்டது. 'டூல் கால்' மட்டும் ஏன் 'கருவி அழைப்பு' ஆகக்கூடாது?

ஆகலாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் இந்த வசதியைத் தந்தபோது 'ஃபங்ஷன் காலிங்' என்றுதான் பெயரிட்டது. ஆனால் அந்தப் பெயர் அன்றிலிருந்தே பலரைக் குழப்பி வருகிறது. நிரலில் ஒரு செயற்கூற்றை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை, அழைத்தால் அது உடனே ஓடிவிடும். உதவியாளரிடம் நடப்பது வேறு. 'நாளை மழை வருமா?' என்று கேட்டால், உதவியாளருக்குள் இருந்து பதில் எழுதும் மொழி மாதிரி எந்த வானிலைத் தளத்தையும் தொடுவதில்லை. கருவியின் பெயரையும் ஊர், தேதி போன்ற விவரங்களையும் ஜேசான் என்ற, நிரல்கள் எளிதில் படிக்கும் வடிவில் எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. வெளியே இருக்கும் நிரல் அதைப் படித்து, கருவியை ஓட்டி, கிடைத்ததை உரையாடலில் சேர்க்கிறது. அப்புறம்தான் மாதிரி நமக்கான பதிலை எழுதுகிறது.

இப்படிச் சொல்பவரையும் செய்பவரையும் பிரித்துக் காட்ட நம் இலக்கணத்தில் வழி இருக்கிறது. மூன்றாம் வேற்றுமையில் படித்திருப்போம்: 'அரசனால் கட்டப்பட்ட கோயில்' என்றால் ஏவுதற் கருத்தா, 'தச்சனால் கட்டப்பட்ட கோயில்' என்றால் இயற்றுதற் கருத்தா. மாதிரி ஏவுகிறது, நிரல் இயற்றுகிறது. எனவே என் பரிந்துரை 'கருவி ஏவல்'.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. கோப்பை அழிப்பது, மின்னஞ்சல் அனுப்புவது போன்றவற்றுக்கு முன் பல உதவியாளர்கள் 'அனுமதிக்கிறீர்களா?' என்று கேட்கின்றன. ஏவியதற்கும் இயற்றுவதற்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் அந்தக் கேள்வி வருகிறது. 'அழைப்பு' என்றால் அந்த இடைவெளி கண்ணில் படாது.

> பில்லி, சூனியம், ஏவல் என்றுதான் காதில் விழுகிறது :)

'ஏவுகணை' என்று படிக்கும்போது யாரும் மந்திரவாதியைத் தேடுவதில்லையே! பழகிவிடும்.

அடுத்தது கருவிகளின் வகை. வலைத்தேடல், நிரலை ஓட்டிப் பார்த்தல் போன்றவை உதவியாளரோடு சேர்ந்தே வருகின்றன. பெரும்பாலும் அவற்றை உருவாக்கிய நிறுவனமே ஓட்டவும் செய்கிறது. இன்னொரு வகை, அந்தந்தப் பணிக்காக நாம் கொடுப்பவை: நாட்காட்டி, தரவுத்தளம், அலுவலகக் கோப்புகள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) நெறிமுறை, இவற்றைப் பொதுவான ஒரு முறையில் இணைப்பதற்காக வந்ததுதான்.

முதல் வகைக்கு 'உட்கருவி' என்று ஒருவர் எழுதியிருந்தார். சின்னதாக இருக்கிறது, ஆனால் உயிரியல் படித்தவர் கண்ணுக்கு செல்லின் 'உட்கரு' முதலில் தெரியும். 'முதற்கருவி'யும் சரிவராது. மண்ணால் குடம் வனைந்தான் என்பதில் மண்தான் முதற்கருவி. அது குடமாகவே மாறிவிடுகிறது. வலைத்தேடல் எதுவாகவும் மாறுவதில்லை. 'உள்ளமை கருவி' போதும்.

இரண்டாம் வகைக்கு வந்த 'சூழல்சார் கருவி'தான் எனக்கு உறுத்துகிறது. 'சூழல் மாறி' (நிரலுக்கு வெளியிலிருந்து தரும் அமைப்பு மதிப்பு), 'சூழல் சாளரம்' (மாதிரி ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய உரையின் அளவு) என்று இரண்டு வெவ்வேறு பொருளில் அந்தச் சொல் ஏற்கெனவே உழைத்துக் களைத்துவிட்டது. பள்ளித் தேர்வில் எழுதிய 'இடஞ்சுட்டி'யை (ஒரு வரி வந்த சூழலைச் சொல்வது) நினைத்து 'இடக்கருவி' என்று எழுதிப் பார்த்தேன். 'இடக்கர்', அதாவது சபையில் சொல்லக்கூடாத சொல், வந்து நிற்கிறது, வேண்டாம்.

'தருகருவி' எப்படி? வினைத்தொகை என்பதால் காலம் மறைந்து நிற்கும். உரையாடலின் தொடக்கத்திலேயே தந்ததும், இடையில் சேர்ப்பதும், இனி தரப்போவதும் அதற்குள் அடங்கும். நாம்தான் தருகிறோம் என்பதும் தெரியும். அது முக்கியம், ஏனென்றால் தருகிற ஒவ்வொரு கருவியின் பெயரும் விளக்கமும் பொதுவாகச் சூழல் சாளரத்தில் இடம் பிடிக்கின்றன. அளவில்லாமல் கொட்டினால் எதை ஏவுவது என்று மாதிரி தடுமாறும்.

ஒன்று பாக்கி. தேடிக் கொண்டுவந்த பக்கத்துக்குள்ளேயே 'இந்தக் கோப்புகளை இன்னாருக்கு அனுப்பு' என்று யாரோ எழுதி வைத்திருக்கலாம். மாதிரி அதைப் பயனர் சொன்னதாக எடுத்துக்கொண்டு ஏவிவிடும் ஆபத்து உண்டு. 'ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்' எனப்படும் அதற்குக் 'கள்ள ஏவல்' என்று எழுதலாமா? இங்கே மட்டும் பில்லி சூனிய வாடை அடித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாற்றுச் சொல் இருந்தால் சொல்லுங்கள்.