புதிதாகக் கட்டிய கணினி, ‘இயக்கி இல்லை’ என்கிறது. அவசரம்!

கட்டுத்தறி · இரவு 9:48
பாகம் பாகமாக வாங்கி நானே ஒரு கணினி கட்டினேன். விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரையும் வருகிறது. விண்டோஸ் நிறுவலாம் என்று உட்கார்ந்தால் ‘இயக்கி எதுவும் கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்கிறது. மூன்று முறை முயன்றுவிட்டேன், மூன்று முறையும் இதே கதை. எல்லாம் சரியாகத்தான் பொருத்தியிருக்கிறேன். நாளைக் காலைக்குள் ஓடியாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

திருகாணி · 9:55
என்ன தாய்ப்பலகை? என்ன செயலி? விண்டோஸ் 10ஆ, 11ஆ? பென் டிரைவை எப்படித் தயாரித்தீர்கள்? எந்தத் திரையில் நிற்கிறது? நாடி பிடிக்க வேண்டுமென்றால் கையையாவது நீட்ட வேண்டாமா நண்பரே!

மின்னோட்டம் · 9:58
பவர் சப்ளை எத்தனை வாட்? புதுக் கணினி முரண்டு பிடித்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மின்சாரத்தைத்தான். தாய்ப்பலகைக்குப் போகும் 24 முனை இணைப்பு முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். பாதி இறங்கியிருந்தாலும் பார்வைக்குச் சரியாகவே தெரியும்.

பழம்புலி · 10:06
இங்கே பலமுறை பேசித் தீர்த்த விஷயம் இது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் வழக்கம் ஒழிந்தேபோனது. தம்பி, இயக்கி இல்லை என்றால் சேமிப்பகத்துக்கான டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், இல்லை என்று பொருள். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் சேமிப்பகங்களைக் கையாளும் விஎம்டி என்றொரு அமைப்பு வருகிறது. அது இயங்கிக்கொண்டிருந்தால், உரிய டிரைவரைக் கொடுக்கும்வரை நிறுவியின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பயாஸுக்குள் (கணினி எழும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) போய் விஎம்டியை அணையுங்கள். அணைக்க விருப்பமில்லை என்றால் அதற்கான ஆர்எஸ்டி என்ற இன்டெல் டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் போட்டு ‘லோட் டிரைவர்’ பொத்தானை அழுத்துங்கள். விரிக்காமல் இஎக்ஸ்இ கோப்பாகவே போட்டுவிட்டு ‘தெரியவில்லை’ என்று திரும்பி வராதீர்கள். நிறுவி தேடுவது ஐஎன்எஃப் கோப்பை.

பென்குவின்தாசன் · 10:11
ஒரு பென் டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, நிறுவாமல் அப்படியே ஓட்டிப் பாருங்கள். முனையத்தைத் திறந்து ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளை கொடுத்தால் எந்தச் சேமிப்பகம் தெரிகிறது, எது தெரியவில்லை என்று ஒரே நொடியில் விளங்கிவிடும். பிடித்துப்போனால் அதிலேயே தங்கிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கட்டுத்தறி · 10:24
விண்டோஸ் 11. பவர் சப்ளை 550 வாட். 24 முனையை அழுத்திப் பார்த்தேன், இறங்கித்தான் இருக்கிறது. பயாஸில் விஎம்டி என்று எதுவும் கண்ணில் படவில்லை. வன்தட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்ததுதான், அதில் பழுதில்லை.

பழம்புலி · 10:27
‘கண்ணில் படவில்லை’ வேறு, ‘இல்லை’ வேறு. மேம்பட்ட அமைப்புகளுக்குள் தேடுங்கள்.

ஒற்றைக்கொம்பு · 10:31
வன்தட்டு என்றால் இரண்டு கேபிள்கள் வேண்டும். 7 முனைகள் கொண்ட சிறியது தாய்ப்பலகைக்கு, 15 முனைகள் கொண்ட அகலமானது பவர் சப்ளைக்கு. சிறியதை மட்டும் மாட்டிவிட்டு அகலமானதை மறப்பவர்கள் நிறைய. வன்தட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள், சுழல்கிற அதிர்வு தெரிகிறதா?

கட்டுத்தறி · 10:36
கேபிளா? இதற்குக் கேபிளே கிடையாதே. தாய்ப்பலகையிலேயே செருகும் சின்னப் பட்டை அல்லவா இது?

ஒற்றைக்கொம்பு · 10:37
அதை எப்படி ஐயா வன்தட்டு என்றீர்கள்!

சொற்பித்தன் · 10:44
அதைத்தான் நானும் கேட்க வந்தேன். வன்தட்டு என்ற பெயர் உள்ளே தட்டுகள் சுழல்வதால் வந்தது. இந்தப் பட்டைக்குள் தட்டுமில்லை, சுழற்சியுமில்லை, வெறும் சில்லுகள். திண்மநிலைச் சேமிப்பகம் என்றோ, நீளமாக இருக்கிறது என்றால் எஸ்எஸ்டி என்றோ எழுதலாமே. தவறான சொல் ஒன்று இங்கே ஒரு மனிதரைக் கேபிள் தேட வைத்துவிட்டது.

மின்னோட்டம் · 10:47
மனிதர் நாளைக் காலைக்குள் என்று தவித்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் பெயர் சூட்டு விழா நடத்துகிறீர்கள்.

திருகாணி · 10:50
இல்லை, பெயர்தான் இங்கே சிக்கலே. கட்டுத்தறி, அந்தச் செய்தியை நீங்கள் தமிழாக்கித் தந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். திரையில் இருப்பது ‘டிரைவ்’ (சேமிப்பகம்) இல்லை என்றா, ‘டிரைவர்’ இல்லை என்றா? ஓர் எழுத்துக்காக இரண்டு மணி நேரம் வீணாகலாம். கூடவே செயலியின் பெயரையும் சொல்லுங்கள், இன்னும் சொல்லவில்லை.

கட்டுத்தறி · 10:58
மறுபடி ஏற்றிப் பார்த்தேன். டிரைவ்கள் கிடைக்கவில்லை என்று இருக்கிறது. அடுத்த வரியில் டிரைவர் வேண்டுமென்றால் இதை அழுத்து என்று பொத்தான். இரண்டும் ஒன்று என்று நினைத்து ‘இயக்கி’ என்று எழுதிவிட்டேன். செயலி ரைசன் 5 5600ஜி, பி550 பலகை.

திருகாணி · 11:01
அப்படியானால் விஎம்டியை மூட்டை கட்டி வையுங்கள். அது இன்டெல் சமாசாரம், இந்தப் பலகையில் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

பழம்புலி · 11:05
செயலியை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் அதைச் சொல்லப்போகிறேன்? ரைசனுக்கான ஏஎம்டி பலகையிலும் ரெய்டு முறை (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது) இயங்கிக்கொண்டிருந்தால் டிரைவர் கேட்கும். ரெய்டு அணைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். என் கருத்து அடிப்படையில் மாறவில்லை.

பென்குவின்தாசன் · 11:07
செயலியைக் கேட்காமலே இன்டெல் என்று முடிவு கட்டியது யார் ஐயா?

பழம்புலி · 11:09
உபுண்டுவை நிறுவச் சொன்னவருக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பென்குவின்தாசன் · 11:10
நிறுவச் சொல்லவில்லை, ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். படித்துவிட்டுத் திட்டுங்கள்.

சொற்பித்தன் · 11:14
இதற்குத்தான் டிரைவுக்கு ‘இயக்ககம்’, டிரைவருக்கு ‘இயக்கி’ என்று பிரித்து வைத்தார்கள். கடைசியில் ‘ககம்’ போய் ‘கி’ வந்ததும் வட்டு மென்பொருளாகிவிட்டது.

ஒற்றைக்கொம்பு · 11:18
சொல்லின் வால் மாறினால் பொருள் தலைகீழாகிவிடும் என்றால் அது நல்ல கலைச்சொல்லா? பிழை அவர்மேல் இல்லை, அந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி சட்டை தைத்தவர்கள்மேல். பேசாமல் டிரைவ், டிரைவர் என்றே எழுதிவிடலாம்.

சொற்பித்தன் · 11:21
டிரைவுக்கும் டிரைவருக்கும் மட்டும் என்ன பெரிய வித்தியாசம்? அங்கேயும் கடைசியில் ஓர் எழுத்துதானே!

பூதக்கண்ணாடி · 11:26
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கட்டுத்தறி, கணினியை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கிவிட்டு அந்தப் பட்டையை வெளியே எடுங்கள். முனையில் இருக்கும் சின்னத் திருகைக் கழற்றியதும் பட்டை தானாகவே சாய்வாக மேலே எழும்பும், பயப்பட வேண்டாம், அப்படித்தான் எழும்ப வேண்டும். அந்தச் சாய்விலேயே மெல்ல இழுங்கள். செருகும் பக்கத்தில் பொன்னிறப் பற்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் எத்தனை வெட்டுகள்? ஒன்றா, இரண்டா? மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் ‘சாட்டா’ என்று இருக்கிறதா, ‘என்விஎம்இ’ என்று இருக்கிறதா? அவை சேமிப்பகம் தாய்ப்பலகையோடு பேசும் இரு வேறு முறைகள்.

ஒற்றை வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு என்றால் பெரும்பாலும் சாட்டா (இரண்டு வெட்டு வைத்த என்விஎம்இ பட்டைகளும் சில உண்டு, ஆகவே சீட்டையும் படியுங்கள்). இரண்டுக்கும் அகலம் 22 மில்லிமீட்டர், நீளமும் பெரும்பாலும் 80தான். இந்தப் பட்டைகளுக்கான எம்.2 ஸ்லாட்டில் இரண்டும் அழகாக உட்காரும், திருகும் பொருந்தும். ஆனால் உட்கார்ந்ததாலேயே பேசிவிடும் என்று அர்த்தமில்லை. என்விஎம்இ பயன்படுத்தும் பிசிஐஇ தடம் மட்டும் உள்ள ஸ்லாட்டில் சாட்டா பட்டையைச் செருகினால் பயாஸுக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது.

மின்னோட்டம் · 11:30
பயாஸில் தெரிகிறதா என்று இதுவரை யாருமே கேட்கவில்லை பாருங்கள். நானும்தான்.

கட்டுத்தறி · 11:47
இரண்டு வெட்டு. சீட்டில் சாட்டா 6 ஜிகாபிட்/நொடி என்று இருக்கிறது. மேலே வெப்பத்தகடு மூடியிருந்ததால் அதைப் படிக்கவே இல்லை. இது பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றியது, சொல்ல மறந்துவிட்டேன்.

ஒற்றைக்கொம்பு · 11:48
சொல்ல மறந்த பட்டியலை மட்டும் தனியாகத் தொகுக்கலாம் போலிருக்கிறது.

பூதக்கண்ணாடி · 11:52
அப்படியானால் பட்டையிலும் குறையில்லை, பலகையிலும் குறையில்லை. கையேட்டில் எம்.2 பகுதியைப் பாருங்கள். உங்களுடையதில் செயலிக்கு அருகே வெப்பத்தகடு போட்ட ஸ்லாட் பிசிஐஇ மட்டுமாக இருக்கலாம். கீழே இன்னொன்று இருந்தால், அதற்கு நேரே சாட்டா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கே மாற்றுங்கள். மாற்றும்போது இரண்டு விஷயங்கள். திருகு இறங்கும் பித்தளைக் குமிழ் அந்த ஸ்லாட்டில் 80 என்று குறித்த துளையில் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் மேலிருப்பதைக் கழற்றி மாட்டுங்கள். பட்டை அந்தரத்தில் தொங்கக் கூடாது. அடுத்தது, சில பலகைகளில் அந்த ஸ்லாட்டை நிரப்பினால் சாட்டா கேபிள் துளைகளில் ஒன்றிரண்டு செயலிழந்துவிடும். பிற்பாடு பெரிய வன்தட்டு (சுழலும் வன்தட்டைத்தான் சொல்கிறேன், சொற்பித்தன் அவர்களே) மாட்டும்போது நினைவில் வையுங்கள்.

பழம்புலி · 11:55
இதற்குப் பதில் ஒரு என்விஎம்இ வாங்கிவிடலாம். சாட்டா நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பியோடு மூச்சு வாங்கும். பிசிஐஇ 3 தலைமுறைப் பட்டையே 3,500 வரை போகிறது. புது வீடு கட்டிப் பழைய கதவை மாட்டியிருக்கிறார்.

திருகாணி · 11:58
கதவு திறந்தால் போதும் இப்போதைக்கு.

கட்டுத்தறி · நள்ளிரவு 12:21
கீழ் ஸ்லாட்டில் மாற்றினேன். பயாஸில் தெரிகிறது. நிறுவியிலும் வந்துவிட்டது. பழைய பிரிவுகள் (பார்ட்டிஷன்கள்) நான்கு இருந்தன, எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 34 விழுக்காடு. அனைவருக்கும் நன்றி.

திருகாணி · 12:24
மகிழ்ச்சி. முதல் முறை மறுதொடக்கம் ஆகும்போது பென் டிரைவைப் பிடுங்கிவிடுங்கள். பயாஸில் அது முதலிடத்தில் இருந்தால் மறுபடி முதல் திரைக்கே வந்து நிற்கும், நீங்களும் மறுபடி இங்கே வந்து நிற்பீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். பழைய மடிக்கணினியில் இருந்தது என்றீர்களே, அழிக்கும்முன் அதிலிருந்த கோப்புகளுக்கு நகல் எடுத்தீர்கள் அல்லவா?

சொற்பித்தன் · 12:33
ஒற்றைக்கொம்பு, அந்த இரட்டைச் சட்டைக் கேள்விக்கு வருகிறேன். ‘இயக்கி’ எல்லோர் கையிலும் பழகிவிட்ட சொல், அதை அசைக்க முடியாது. மாற வேண்டியது இயக்ககம்தான். அதுவோ எதையும் இயக்குவதில்லை, பொருளை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. சேமிப்பகம் என்றே சொல்லிவிட்டால் குழப்பமில்லை.

ஒற்றைக்கொம்பு · 12:37
முதல் முறையாக உங்களோடு உடன்படுகிறேன். தூங்கப் போகிறேன்.

கட்டுத்தறி · காலை 6:52
ஓடுகிறது. நன்றி.
நகல் பற்றி யாராவது 12:21க்கு முன்பே கேட்டிருக்கலாம்.

பென்குவின்தாசன் · 6:58
முதலில் கணினியை அணையுங்கள். இன்னும் எதையும் நிறுவாதீர்கள், உலாவியைக்கூடத் திறக்காதீர்கள். எழுத எழுத மேலே மூடிக்கொண்டே போகும். வேறொரு கணினியிலிருந்து பதில் போடுங்கள். பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் ஓட்டிப் பார்க்கலாம், மீட்டெடுப்பவற்றை வேறொரு வட்டில்தான் சேமிக்க வேண்டும்.

பழம்புலி · 7:15
வீண் நம்பிக்கை கொடுக்காதீர்கள். எஸ்எஸ்டியை விண்டோஸ் வடிவமைக்கும்போதே ‘இந்த இடமெல்லாம் இனி வேண்டாம், துடைத்துக்கொள்’ என்று சொல்லும் ‘டிரிம்’ கட்டளை அதற்குப் போய்விடும். சுழலும் வன்தட்டாக இருந்திருந்தால் பாதியாவது கிடைத்திருக்கும். இதில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. திட்டுவதற்காகச் சொல்லவில்லை தம்பி, உண்மை அதுதான். மேகத்தில் (இணையச் சேமிப்பில்) ஏதாவது தானாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், கைப்பேசியிலும் தேடுங்கள்.

திருகாணி · 9:40
கட்டுத்தறி, அதில் என்ன இருந்தது? அணைத்துவிட்டீர்களா?