முள்வால் பல்லி எச்சத்தில் புழு முட்டை எண்ணிக்கை: ஏன் தாறுமாறாக வருகிறது? (ஒரு கேள்வியும் மூவரின் பதிலும்; எழுதியவர் பெயர்கள் புனைபெயர்கள்)

மணல்மேடு:
தார் பாலைவனத்தில் சாண்டா (முள்வால் பல்லி) வளைவாயில் கிடக்கும் எச்சத்தை எடுத்து முட்டை எண்ணுகிறோம். பல்லியைப் பிடிப்பதில்லை. உப்புக்கரைசலில் முட்டையை மிதக்கவிட்டு, மெக்மாஸ்டர் ஸ்லைடில் (அளவு குறித்த இரண்டு அறை கொண்ட எண்ணும் கண்ணாடி) பார்க்கிறோம். ஒரே வளையில் ஒரு நாள் கிராமுக்கு 200, மறுநாள் 3,000. சில ஸ்லைடில் நெளியும் இளம்புழு வேறு. எங்கே தப்பு? 3,000 என்றால் நோயா, குடற்புழு மருந்து தேவையா?

நுண்ணோக்கி:
முதல் சந்தேகம் ஈரம். பாலைவன வெயிலில் எச்சம் சீக்கிரம் காய்ந்து எடை குறையும், முட்டை குறையாது. காய்ந்த 1 கிராமில் முட்டை அதிகம் தெரிவதில் வியப்பில்லை. ஒரு பகுதியைத் தனியே உலர்த்தி எடைபோட்டு, உலர் கிராமுக்கு இத்தனை என்று எழுதுங்கள்.

நெளிவது பெரும்பாலும் மண்ணில் வாழும் புழு, எச்சத்துக்குள் பிறகு நுழைந்தது. முந்தின மாலையே வளைவாயைப் பெருக்கிவிடுங்கள். இரவில் மண்ணால் வளைவாயை அடைத்துக்கொள்ளும் பிராணி, வெயில் ஏறித்தான் வெளியே வரும்; அதன்பின் விழுந்ததை உடனே எடுங்கள். மணல் ஒட்டிய அடிப்பக்கத்தைச் சீவிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்கவும். வெள்ளை யூரிக் அமிலக் கட்டியையும் (பல்லியின் சிறுநீர்க் கழிவு) நீக்குங்கள், இல்லாவிட்டால் ஸ்லைடு முழுக்கத் துகள்தான். புத்தம்புது எச்சத்திலும் இளம்புழு வந்தால் அப்போது நுரையீரல் புழுவை நினைக்கலாம்.

அளவு: 1 கிராமுக்கு 14 மி.லி. கரைசல், வடிகட்டி, இரண்டு அறையும் நிரப்பி (மொத்தம் 0.3 மி.லி.) 5 நிமிடம் கழித்து எண்ணி 50-ஆல் பெருக்கவும். ஒரே ஒரு முட்டை கூடினாலே கணக்கில் 50 ஏறும். ஆகவே ஒரு எச்சத்துக்கு மூன்று ஸ்லைடாவது பாருங்கள். காய்ந்த காற்றில் ஓரத்தில் உப்பு படியும் முன் முடித்துவிட வேண்டும்.

கீரிப்பூச்சி:
ஒரு பக்கம் தட்டையான, நீள்வட்ட முட்டை என்றால் கீரிப்பூச்சி வகைதான். தழை தின்னும் ஊர்வனவற்றின் பெருங்குடலில் இவை ஏராளமாக இருப்பது வழக்கம். நில ஆமையின் குடலில் ஒரே கீரிப்பூச்சிப் பேரினத்தின் பல இனங்கள் ஆளுக்கொரு இடம் பிடித்து வாழ்வதை ஷாட் என்ற ஆய்வாளர் 1963-லேயே காட்டிவிட்டார். முட்டை எண்ணிக்கையை வைத்துப் புழு எத்தனை என்று சொல்ல முடியாது, நோய் என்று சொல்வது இன்னும் தூரம். உடல் மெலிவு, வால் அடி ஒடுங்கல் சேர்ந்து தெரிந்தால்தான் கவலை.

காட்டுப் பல்லிக்கு மருந்து வேண்டாம். மண்ணில் முட்டை கிடக்கும்வரை மறுபடி தொற்றும். இந்தப் பல்லியின் கொழுப்பில் சாண்டா எண்ணெய் எடுப்பவர்களிடமிருந்து மீட்டவை வேறு கதை: தனித்தனியே வைத்து, எச்சம் பார்த்து, கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து ஆமையைக் கொன்றுவிடும். எல்லா ஊர்வனவற்றுக்கும் ஒரே மருந்து அட்டவணை வைத்திருக்கும் இடங்களில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்று, முள்தலைப் புழு முட்டை கனமானது, உப்புக்கரைசலில் சரியாக மிதக்காது. அது பூச்சி வழியாகத் தொற்றுவது, குட்டிகள் பூச்சியும் தின்னும் என்பதால் அவற்றின் எச்சத்தை நீரில் படியவிட்டும் பாருங்கள்.

வளைவாய்:
அன்றே பார்க்க முடியாவிட்டால் 4 டிகிரியில் வையுங்கள். நாளாகும் என்றால் 10% ஃபார்மலின், ஆனால் பிறகு டி.என்.ஏ. ஆய்வுக்கு உதவாது, அதற்கு ஒரு பங்கைத் தனியாக 95% ஆல்கஹாலில் போடவும். புழுவின் இனம் அறிய முட்டை போதாது, சாலையில் அடிபட்டுச் செத்த பல்லியின் குடல் வேண்டும். அதைத் தொடும் முன் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி கையில் இருக்கட்டும்.