உளவியல் பட்டத்துக்குப் பின் மனிதக் காரணி உளவியல் படிக்கலாமா?

கேள்வி (குடியாத்தம் மாணவன்):
வேலூரில் இளநிலை உளவியல் இறுதியாண்டு படிக்கும் நான், முதுநிலையில் மனிதக் காரணி உளவியல் (கருவிகளையும் வேலையிடங்களையும் மனிதருக்கு ஏற்றபடி வடிவமைக்க உதவும் துறை) படிக்க விரும்புகிறேன். கணிதம் எவ்வளவு தேவைப்படும்? பெரியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (ராணிப்பேட்டை):
தம்பி, புள்ளியியல் கட்டாயம் வேண்டும். கை ஓர் இலக்கை எட்டும் நேரம் தொலைவையும் இலக்கின் அகலத்தையும் பொறுத்தது என்று 1954இல் அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் காட்டிய சமன்பாட்டுக்குப் பள்ளியில் படித்த மடக்கையே (logarithm) போதும்.

மறுமொழி (ஆம்பூர்):
கூர்ந்து பார்க்கும் பழக்கம் அதைவிட முக்கியம் என்பேன். இரண்டாம் உலகப் போரில் பி-17 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் விமானிகள் தரையிறங்கியதும் தவறுதலாகச் சக்கரங்களை மடக்கிவிட்டதற்கு, அருகருகே ஒரே மாதிரி அமைந்த சக்கர விசையும் இறக்கை மடல் விசையுமே காரணம் என்று கண்ட உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ், சக்கர விசைக்குச் சக்கர வடிவக் குமிழைப் பரிந்துரைத்தார். இங்குள்ள காலணித் தொழிற்சாலையில், தையல் இயந்திரத்தின் முன் குனிந்தே இருக்கும் பெண்களின் கழுத்தையும், மிதியை எட்ட நீளும் காலையும் கவனியுங்கள். ஆய்வுத் தலைப்பு அங்கேயே கிடைக்கும்.

மறுமொழி (குடியாத்தம் மாணவன்):
மிக்க நன்றி ஐயா. அனுமதி பெற்று அங்கிருந்தே தொடங்குகிறேன்.