சியோமி பங்கு வாங்கலாமா? குடும்பக் குழுவில் ஒரு மாலைப் பேச்சு

ஜூலை 9, 2018, திங்கள்

அருண் (சிங்கப்பூர்), 6.40
சித்தப்பா, கவிதா அக்கா, ஒரு யோசனை கேட்கணும். இன்றைக்கு ஹாங்காங் பங்குச் சந்தையில் சீன போன் கம்பெனி சியோமி பட்டியலாகிவிட்டது. வெளியீட்டு விலை 17 ஹாங்காங் டாலர். 16.60இல் திறந்து 16.80இல் முடிந்திருக்கிறது. ஒரு லாட் என்றால் 200 பங்கு. நாளைக்கு இரண்டு லாட் போடலாமா?

மல்லிகா அத்தை, 6.44
நான் வைத்திருப்பது அந்த ரெட்மிதானே? நல்ல போன்ப்பா. வாங்கு.

சித்தப்பா, 6.47
அக்கா, போன் நல்ல போன்தான். இந்த விலைக்குப் பங்கு நல்லதா என்று பார்க்க வேண்டும். அருண், நீ எதை நம்பி வாங்குகிறாய்?

அருண், 6.52
வளர்ச்சியைத்தான். 2010இல் ஆரம்பித்த கம்பெனி. 2016இல் 5.54 கோடி போன் விற்றது, போன வருடம் 9.14 கோடி. இந்தியாவில் சாம்சங்கைத் தாண்டி முதலிடம். மொத்த மதிப்பு 100 பில்லியன் அமெரிக்க டாலர் என்று பேச்சு அடிபட்டது, இப்போது 54 பில்லியனில் கிடைக்கிறது. ஏறக்குறைய பாதி விலை.

சித்தப்பா, 6.58
பாதி விலை என்று மட்டும் நினைக்காதே. 100 என்பது அவர்கள் ஆசைப்பட்ட விலை, யாரும் கொடுத்த விலை இல்லை. உண்மையில் பணம் கைமாறியது 2014 டிசம்பரில், 45 பில்லியன் மதிப்பில். அப்போதும் இதே வளர்ச்சிக் கதைதான். அடுத்த வருடம் 8 முதல் 10 கோடி போன் விற்போம் என்றார்கள். ஏழு கோடியை ஒட்டி நின்றுவிட்டது. அதற்கடுத்த வருடம் நீயே சொன்ன 5.54 கோடி. ஏறின வேகத்திலேயே இறங்கினார்கள்.

பிரபு (கடை), 7.05
அதற்குக் காரணம் கடைதான் மாமா. சீனாவில் இவர்கள் இணையத்தில் மட்டும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஓப்போவும் விவோவும் சின்னச் சின்ன ஊரில்கூடக் கடைக்காரருக்கு நல்ல மார்ஜின் கொடுத்து உள்ளே போய்விட்டார்கள். நம்ம திண்டுக்கல்லில் பச்சையும் நீலமுமாகத் தொங்குகிற போர்டு எல்லாம் அந்தக் கணக்குதான்.

அருண், 7.09
ஆனால் அத்தான், விழுந்த பிறகு எழுந்த போன் கம்பெனி எத்தனை? நோக்கியா எழவில்லை, பிளாக்பெர்ரி எழவில்லை, எச்டிசியும் இல்லை. இவர்கள் ஒரே வருடத்தில் எழுந்தார்கள். கம்பெனியைத் தொடங்கிய லெய் ஜுன் சொந்தக் கடைகளை வரிசையாகத் திறந்தார், இந்தியாவைப் பிடித்தார். அதற்கு ஒரு மதிப்பு கொடுக்கத்தானே வேண்டும்?

சித்தப்பா, 7.11
கொடுக்கலாம். அந்த மனிதரின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கவிதா அக்கா, 7.20
இப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்தேன். அவர்களுடைய பங்கு வெளியீட்டு ஆவணத்தைப் போன வாரமே படித்தேன், எனக்கே ஆர்வமாக இருந்தது. 2017 கணக்கு மட்டும் சொல்கிறேன்.

மொத்த விற்பனை 11,460 கோடி யுவான். அதில் 70 சதவீதம் போன். ஒரு போனின் சராசரி விலை 881 யுவான், நம்ம பணத்தில் ஒன்பதாயிரம் ரூபாய் என்று வை. அதில் மொத்த லாபம், அதாவது செய்யும் செலவு மட்டும் போக மிஞ்சுவது, 8.8 சதவீதம். அதாவது ஒரு போனுக்கு எண்ணூறு ரூபாய். அதிலிருந்துதான் விளம்பரம், சம்பளம், ஆராய்ச்சி எல்லாம் போக வேண்டும்.

மல்லிகா அத்தை, 7.22
எண்ணூறு ரூபாய்தானா!

கவிதா அக்கா, 7.27
அவ்வளவுதான் அத்தை. போன ஏப்ரலில் லெய் ஜுன் ஊரறிய உறுதியும் கொடுத்துவிட்டார், வன்பொருளில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று. வாங்குகிறவர்களுக்கு அது பெரிய நன்மை. பங்கு வாங்குகிறவர்களுக்கு அது ஒரு கூரை.

அருண், 7.30
அதனால்தான் அக்கா அவர்கள் தங்களை இணையக் கம்பெனி என்கிறார்கள். சீன இணையக் கம்பெனி டென்சென்ட்டையும் ஆப்பிளையும் பெருக்கிப் பார்க்க வேண்டிய மதிப்பு என்றே லெய் ஜுன் சொன்னதாகச் செய்தி வந்தது.

கவிதா அக்கா, 7.38
அங்கேதான் வருகிறேன். இணைய வருமானம், அதாவது விளம்பரம், கேம், ஆப் ஸ்டோர், மொத்த விற்பனையில் 8.6 சதவீதம்தான். ஆனால் அதில் மொத்த லாபம் 60 சதவீதம். அதனால் கம்பெனியின் மொத்த லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அந்தச் சின்னத் துண்டிலிருந்து வருகிறது. போன் என்பது ஆளை உள்ளே கூட்டிவரும் வாசல், காசு அதற்குள்ளே. வாதம் சரியான வாதம்தான், நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் காசு எங்கே விளைகிறது என்று பார். சீனாவில் கூகுள் இல்லை. பிளே ஸ்டோர் கிடையாது. போன் செய்கிறவர் வைத்திருக்கிற ஆப் ஸ்டோர்தான் கடை. ஒரு கேமில் காசு கட்டினால் அதில் பங்கு அவருக்கு வரும். வெளிநாட்டில் அப்படியா?

பிரபு (கடை), 7.46
இதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன் கவிதா. புதுப் போன் வாங்குகிறவர் கடையிலேயே செட் பண்ணித் தரச் சொல்வார். முதலில் ஜிமெயில் கணக்கு. அப்புறம் பிளே ஸ்டோர், வாட்ஸ்அப், ஃபேஸ்புக். யூடியூப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எல்லாம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போகிற வியாபாரம். ரெட்மி 5ஏ மாதிரி போனை எடுக்கிறவர் ஆப்புக்குக் காசு கட்டி நான் பார்த்ததே இல்லை.

கவிதா அக்கா, 7.50
அதேதான். வளர்ச்சி ஓர் இடத்தில், லாபம் வேறோர் இடத்தில். போன வருட விற்பனையில் 28 சதவீதம் வெளிநாடு. இன்னும் ஏறும், ஏற ஏறப் போன் எண்ணிக்கை அழகாகத் தெரியும். ஆனால் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் சீனாவில் இருக்கிறவர் அளவுக்குச் சம்பாதித்துக் கொடுப்பார் என்று வைத்துத்தான் இந்த விலை போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

சித்தப்பா, 7.55
ஒரு வருட லாபத்துக்கு எத்தனை மடங்கு விலை வருகிறது?

கவிதா அக்கா, 7.59
காகிதக் கணக்குகளை ஒதுக்கிச் சரிக்கட்டிய லாபம் 536 கோடி யுவான். 54 பில்லியன் டாலரை யுவானாக்கி வகுத்தால் 65 மடங்குக்கு மேல். ஆப்பிள் இருபதுக்குக் கீழே. டென்சென்ட் நாற்பதை ஒட்டி. டென்சென்ட் உண்மையான இணையக் கம்பெனி, அதைவிட இது விலை அதிகம்.

மல்லிகா அத்தை, 8.03
நஷ்டம் என்று செய்தியில் சொன்னார்களே? இப்போது லாபம் என்கிறாய்?

கவிதா அக்கா, 8.10
நல்ல கேள்வி அத்தை. கணக்கில் 4,390 கோடி யுவான் நஷ்டம்தான். ஆனால் அது கையிலிருந்து போன பணம் இல்லை. பழைய முதலீட்டாளர்களிடம் முன்னுரிமைப் பங்குகள் இருந்தன. கம்பெனியின் மதிப்பு ஏற ஏற, அந்தப் பங்குகளின் மதிப்பும் ஏறும். அதைக் கம்பெனி தன் கடனாக எழுத வேண்டும் என்பது கணக்கு விதி. பட்டியலானதும் அவை சாதாரணப் பங்காக மாறிவிடும், கணக்கில் அந்தப் பதிவு இனி வராது. அந்த நஷ்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நான் பயப்படுவது 65ஐப் பார்த்து.

அருண், 8.16
டிவி, கைப்பட்டை, காற்றுச் சுத்திகரிப்பான் எல்லாம் கணக்கில் வராதா? நூறுக்கு மேற்பட்ட கம்பெனிகளில் முதலீடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கைப்பட்டை செய்யும் ஹுவாமி இந்த வருடம் நியூயார்க்கில் பட்டியலானது.

கவிதா அக்கா, 8.21
அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு வீட்டில் நாலு சாமான் இருந்தால் அடுத்த போனும் இதே கம்பெனியில் வாங்குவார்கள். ஆனால் அதிலும் மொத்த லாபம் 8.3 சதவீதம்தான், போனைவிடக் குறைவு.

சித்தப்பா, 8.30
அருண், இன்னொன்றும் இருக்கிறது. பழைய முதலீட்டாளர்கள் பலர் ஆறு மாதத்துக்கு விற்க முடியாது. அந்தப் பூட்டு ஜனவரியில் திறக்கும். அடிவிலையில் வாங்கி எட்டு வருடம் காத்திருந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று நீயே யோசி. அவசரப்பட வேண்டிய காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. நல்ல கம்பெனியை அதிக விலைக்கு வாங்கி, வருடக்கணக்கில் முதலைத் திரும்ப எடுக்கக் காத்திருந்த எத்தனையோ பேரை வங்கி வேலையில் பார்த்துவிட்டேன்.

அருண், 8.37
ஆனாலும் ஒரு லாட் வாங்கத்தான் போகிறேன் சித்தப்பா. அறுநூறு சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிந்துவிடும். விழுந்த இடத்திலிருந்து எழுந்தவர்கள் வெளிநாட்டிலும் ஏதாவது வழி கண்டுபிடிப்பார்கள் என்று நம்புகிறேன். இரண்டாவது லாட் வேண்டாம், அக்கா சொன்னதற்குப் பதில் கிடைக்கிற வரைக்கும்.

சித்தப்பா, 8.39
சரி. அந்தப் பணத்தை நாலைந்து வருடத்துக்குத் தொடாமல் இருக்க முடியும் என்றால் வாங்கு.

கவிதா அக்கா, 8.44
பட்டியலான பிறகு வரும் முதல் அறிக்கை வந்ததும் இங்கே போடு. எத்தனை போன் விற்றார்கள் என்பது முதல் பக்கத்திலேயே பெரிதாக இருக்கும், அதைத் தாண்டிப் போ. இணைய வருமானத்தில் சீனாவுக்கு வெளியே எவ்வளவு என்று தனியாகக் காட்டுகிறார்களா என்று பார்த்துச் சொல்.